பிரேக் பிடிக்காத சரிவு: காட்டுப்பாதை நெடுமுப்போட்டியின் அறிவியல்

மழை நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதை ஓரிடத்தில் சட்டென்று கீழே இறங்குகிறது. நீளம் நாற்பது அடிதான் இருக்கும். அதன் உச்சியில் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாரத்தில் அதே பாதையில் ஒரு சிறிய காட்டுப்பாதை நெடுமுப்போட்டி. பாதையைப் பார்த்துவைக்க நானும் நண்பர் ஒருவரும் வந்திருந்தோம். பின்னால் கப்சாய் மோட்டாரில் வந்த தோட்டத்து மண்டோர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன தம்பி, எறங்கப் போறீங்களா? பிரேக்கு எல்லாத்தையும் மேலயே போட்டு முடிச்சிருங்க. எறங்க ஆரம்பிச்சிட்டா பிரேக்கு கெடையாது.”

“டிஸ்க் பிரேக்குண்ணே, புதுசு” என்றேன்.

“பிரேக்கு சக்கரத்தப் புடிக்கும் தம்பி. மண்ண யாரு புடிப்பா?”

அவர் முதல் கியரில் நிதானமாக இறங்கிப் போய்விட்டார். நான் இறங்கினேன். பாதி வழியில் பயந்து இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். சக்கரங்கள் நின்றன. சைக்கிள் நிற்கவில்லை. இடது முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பித்தேன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். மண்டோர் சொன்னது படிவம் நான்கு பாடநூலில் இருக்கும் விஷயம்தான் என்பது சேற்றில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

இது என்ன போட்டி?

டிரையத்லான் என்னும் நெடுமுப்போட்டியை ஒலிம்பிக்கில் பார்த்திருப்பீர்கள். 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம், மூன்றும் இடைவிடாமல். இதைச் சாலையிலிருந்து காட்டுக்குக் கொண்டுபோனால் காட்டுப்பாதை நெடுமுப்போட்டி. 1996ஆம் ஆண்டு ஹவாயின் மாவி தீவில் அக்வாடெர்ரா என்ற பெயரில் தொடங்கி, பிறகு எக்ஸ்டெர்ரா என்று பெயர் மாறிய போட்டித் தொடரே இதை உலகெங்கும் பரப்பியது. கடலில் 1.5 கி.மீ. நீச்சல், மலைச் சைக்கிளில் 30 கி.மீ. அளவுக்கு ஏற்ற இறக்கம், ஒற்றையடிப் பாதையில் ஏறத்தாழ 10 கி.மீ. ஓட்டம் என்பது அதன் வழக்கமான அளவு. பல ஆண்டுகள் மாவியிலேயே நடந்த அதன் உலக வெற்றியாளர் போட்டி 2022இல் இத்தாலியின் மொல்வேனோவுக்கு இடம் மாறியது. அனைத்துலக நெடுமுப்போட்டிச் சம்மேளனமும் 2011 முதல் கிராஸ் டிரையத்லான் என்ற பெயரில் தனி உலகப் போட்டி நடத்துகிறது.

தூரத்தை மட்டும் பார்த்தால் ஒலிம்பிக் போட்டியைவிட இது சற்று எளிதாகத் தோன்றும். சைக்கிள் தூரம் 10 கி.மீ. குறைவு அல்லவா? நேரத்தைப் பாருங்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் வென்ற நார்வே வீரர் எடுத்துக்கொண்டது 1 மணி 45 நிமிடம். மாவியில் முதலிடம் பிடித்தவருக்கே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆவது வழக்கமாக இருந்தது. ஏற்றம் ஒரு காரணம். ஆனால் ஏறியவர் இறங்கும்போது இழந்த நேரத்தை மீட்டுவிட வேண்டும் அல்லவா? அங்கேதான் மண் குறுக்கே வருகிறது.

இரண்டு உலகிலும் வென்றவர்கள் அபூர்வம். பெர்முடாவின் ஃபுளோரா டஃபி எக்ஸ்டெர்ரா உலகப் பட்டத்தை ஆறு முறை வென்றவர். தோக்கியோவில் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே. அந்தக் குட்டித் தீவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். ஈரச் சாலையில் நடந்த அந்தப் போட்டியைப் பார்த்தபோது, வளைவுகளில் அவர் காட்டிய நிதானம் காட்டுப்பாதையில் கற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இது என் ஊகம்.

பலகையும் சிலிப்பரும்

மண்டோரின் வாக்கியத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றும் ரப்பர் சிலிப்பர் ஒன்றும் போதும். பலகையின் மேல் சிலிப்பரை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். சிலிப்பர் நழுவத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். உயர்த்திய முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம், அந்த முனைக்கு நேர் கீழிருந்து மறு முனை வரை தரையில் எவ்வளவு தூரம் என்று இரண்டையும் அளந்து, உயரத்தைத் தூரத்தால் வகுங்கள். கிடைப்பதுதான் உராய்வுக் குணகம். இப்போது பலகையில் களிமண் குழம்பைத் தடவி மறுபடி செய்யுங்கள். எண் எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். சிலிப்பர் மேல் ஒரு செங்கல்லை வைத்தும் செய்து பார்க்கலாம். எடை கூடினால் பிடிமானமும் கூடும், கீழே இழுக்கும் விசையும் அதே அளவு கூடும். ஆகவே நழுவும் கோணம் பெரிதாக மாறாது. மெலிந்தவர் வழுக்கமாட்டார் என்பது வெறும் நம்பிக்கை.

இந்தச் சோதனையை அப்படியே சரிவுக்கு மாற்றுங்கள். சரிவின் உயரத்தை அதன் அடித்தூரத்தால் வகுத்து வரும் எண் உராய்வுக் குணகத்தைவிடச் சிறியதாக இருந்தால் பிரேக் உங்களை நிறுத்தும். பெரியதாக இருந்தால் உலகின் மிக விலையுயர்ந்த பிரேக்கும் நிறுத்தாது.

20 பாகைச் சரிவை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் முன்னே போனால் 36 சென்டிமீட்டர் கீழே இறங்கும், எண் 0.36. காய்ந்த கெட்டி மண்ணில் டயரின் குணகம் 0.6, மழை பெய்த களிமண்ணில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் மண்ணுக்கு மண், டயருக்கு டயர் இது மாறும். கணக்கின் போக்கைப் பார்க்க இவை போதும்.

காய்ந்த நாளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சரிவுக்குள் நுழைந்து பிரேக் போட்டால் 4 மீட்டரில் நின்றுவிடலாம். ஈர நாளில் அதே வேகத்தில் நுழைந்து, அதே பிரேக்கை மண் தாங்கும் எல்லை வரை பிடித்தாலும், 12 மீட்டர் சரிவின் அடியை அடையும்போது வேகம் மணிக்கு 20 கி.மீ. ஆகியிருக்கும். பிரேக் போட்டபடியே வேகம் கூடுகிறது! பிரேக்கால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதைத் தொடாமல் விட்டிருந்தால் 35ஐத் தாண்டியிருக்கும். ஆனால் நிற்க முடியாது என்பது உறுதி. மேலே மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நுழைந்தவர் அதே மண்ணில் அடிக்கு வரும்போது 14 அல்லது 15இல் இருப்பார். மண்டோர் சொன்னது இதைத்தான். அந்தச் சரிவில் வேகத்தை முடிவு செய்யும் உரிமை உச்சியில் நிற்கும்போது மட்டுமே நமக்கு உண்டு.

நான் செய்த இரண்டாவது தவறு சக்கரத்தைப் பூட்டியது. உருளும் சக்கரம்தான் திரும்பும். பூட்டிய முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஏற்கனவே போய்க்கொண்டிருந்த திசையிலேயே வழுக்கும். அதனால் அனுபவசாலிகள் ஈரச் சரிவில் பிரேக் பிடியை ஒரு விரலால், சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும் அளவுக்கு மட்டும் தடவுவார்கள்.

வளைவில் பித்தாகரஸ்

டயரின் பிடிமானம் ஒரு பட்ஜெட் மாதிரி. பிரேக்குக்கும் அதுதான், திரும்புவதற்கும் அதுதான். ஆனால் இந்தப் பட்ஜெட்டில் சாதாரணக் கழித்தல் கணக்கு செல்லாது. பிரேக் விசை பின்னோக்கியும் திரும்பும் விசை பக்கவாட்டிலும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் பித்தாகரஸ் கணக்கு வருகிறது. மொத்தப் பிடிமானம் 10 பங்கு. அதில் 8 பங்கைத் திரும்புவதற்குச் செலவிட்டால் பிரேக்குக்கு மிஞ்சுவது 2 அல்ல, 6. கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் 9.5 பங்கைச் செலவிட்டால் மிஞ்சுவது 3 பங்குதான். முழுவதையும் செலவிட்டால் பூஜ்யம். எல்லைக்கு அருகே மிச்சம் மளமளவென்று கரைகிறது. வளைவின் நடுவில் “கொஞ்சம் வேகம் அதிகமோ” என்று பிரேக்கைத் தொட்டதும் சைக்கிள் காலடியிலிருந்து உருவப்பட்டது போலக் காணாமல் போவது இதனால்தான்.

5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் குணகம் 0.6 என்றால் மணிக்கு 19 கி.மீ. வரை போகலாம். 0.3 ஆனால் 14க்கும் குறைவு. பிடிமானம் பாதியானாலும் வளைவு வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, கவனித்தீர்களா? நிற்கும் தூரமோ சமதரையிலேயே இரண்டு மடங்கு ஆகிறது. மழை நாளில் திறமைசாலிக்கும் புதியவருக்கும் இடைவெளி விரிவது இங்கேதான். திறமைசாலி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை முழுவதும் விட்டுவிடுகிறார். புதியவர் வளைவுக்குள் வந்த பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறார்.

வேர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரமான, பட்டை உரிந்த வேர் நம் காட்டில் கிடைக்கும் மிக வழுக்கலான பொருள்களுள் ஒன்று. பாதைக்குக் குறுக்கே நேராகக் கிடந்தால் சக்கரம் ஏறி இறங்கிவிடும். சாய்ந்து கிடந்தால் அதன் பக்கமே ஒரு சிறு சரிவாகி, சக்கரத்தை ஓரமாகத் தள்ளும். அதன் மேல் இருக்கும் அரை நொடியில் பிரேக், திருப்பம், பெடல் அழுத்தம் எதுவும் கூடாது.

தலைக்குப்புற

காய்ந்த மண்ணில் ஆபத்து வேறு வகையானது. பிடிமானம் தாராளமாக இருக்கும். சைக்கிள் நின்றுவிடும், நாம் ஹேண்டிலுக்கு மேலே பறப்போம். இதைத் தீர்மானிப்பவை இரண்டு அளவுகள். நம் எடை மையம் முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு எவ்வளவு பின்னே இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு 60 சென்டிமீட்டர் பின்னே, 110 சென்டிமீட்டர் உயரம் என்று கொள்வோம். 60ஐ 110ஆல் வகுத்தால் 0.55. அதாவது ஏறத்தாழ 29 பாகைச் சரிவில், வேகத்தைக் கூட்டாமல் பிரேக் பிடித்து வந்தாலே குப்புறக் கவிழும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

அதே ஆள் சீட்டிலிருந்து எழுந்து இடுப்பை 20 சென்டிமீட்டர் பின்னே தள்ளி, 10 சென்டிமீட்டர் தாழ்த்தினால் எண் 0.8. கவிழும் சரிவு 38 பாகையைத் தாண்டிப் போய்விடுகிறது. 20 பாகைச் சரிவில் அவரால் பாதுகாப்பாகப் போடக்கூடிய பிரேக், உட்கார்ந்திருந்தபோது போடக்கூடியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். காசு செலவில்லாத மாற்றம். தொடைகளுக்குத்தான் வேலை. நீந்திவிட்டு, ஏற்றம் ஏறிவிட்டு வந்த தொடைகள் அந்த நேரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் என்பதுதான் நெடுமுப்போட்டியின் சிக்கல். தனியாகச் சைக்கிள் ஓட்டும்போது எளிதாகச் செய்வதை இரண்டாவது மணி நேரத்தில் உடல் செய்ய மறுக்கும். பலர் களைப்பில் சீட்டிலேயே உட்கார்ந்தபடி இறங்கி விழுகிறார்கள்.

டயர் காற்று பற்றிப் புதியவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு, கெட்டியாக அடித்தால் வேகமாக ஓடும் என்று. வழவழப்பான சாலையில் அது ஓரளவு சரி. கரடுமுரடான பாதையில் கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் வேரிலும் சைக்கிளையும் ஆளையும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நம்மை முன்னே நகர்த்த வேண்டிய ஆற்றல் மேலும் கீழும் குலுக்குவதில் வீணாகிறது. சற்று இளகிய டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருளும். தரையைத் தொடும் பரப்பும் விரியும். ஒரு சக்கரத்தின் மேல் 40 கிலோ இருந்தால் 29 பிஎஸ்ஐ காற்றில் அந்தப் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர், 22 பிஎஸ்ஐயில் 26. மண்ணைக் கவ்வும் பற்கள் அந்த அளவுக்கு அதிகம். ரொம்பவும் குறைத்தால் சக்கரத்தின் விளிம்பு கல்லில் மோதும். டியூப் உள்ள டயராக இருந்தால் இரண்டு ஓட்டை விழும். அதனால்தான் போட்டியாளர்கள் டியூப் இல்லாத டயரில், ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டுகிறார்கள்.

கண் எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கரடுமுரடான பாதையில் நடப்பவர்களின் கண்ணசைவையும் காலசைவையும் சேர்த்து அளந்தார்கள். அவர்கள் பார்வை பெரும்பாலும் ஒன்றரை நொடி கழித்துத் தாங்கள் இருக்கப்போகும் இடத்தில் விழுந்தது. அது நடப்பவர்களுக்கான கணக்கு. அதையே சைக்கிளுக்குப் போட்டுப் பார்த்தால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஒன்றரை நொடி என்பது 10 மீட்டருக்கு மேல். முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லையே வெறித்துப் பார்ப்பவர், முடிந்துபோன விஷயத்தைப் பார்க்கிறார்.

நம் காற்றில் வியர்வை

மேலே சொன்னவை எந்த நாட்டுக்கும் பொருந்தும். நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது.

பெடலில் 200 வாட் கொடுக்கும் ஒருவரின் உடல் உண்மையில் எரிப்பது ஏறத்தாழ 900 வாட். மீதி 700 வாட் வெப்பம். ஒரு சிறிய மின்சார இஸ்திரிப்பெட்டியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவது போல. இதை வெளியேற்ற நம்மிடம் இருக்கும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். 700 வாட் ஒரு மணி நேரத்தில் 2,500 கிலோஜூல். ஆக மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போதும், கணக்கு நேராகிவிட்டது.

‘ஆவியானால்’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. காலையில் நம் காட்டுக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். தாடையிலிருந்து சொட்டி மண்ணில் விழும் வியர்வை எந்த வெப்பத்தையும் எடுத்துப் போவதில்லை. சாலைப் போட்டியில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றாவது துணைக்கு வரும். காட்டுப்பாதையில் 10 விழுக்காடு ஏற்றத்தில் அதே 200 வாட்டுக்கு மணிக்கு 8 கி.மீ.தான் நகர்வோம். இரு பக்கமும் மரம். காற்றே கிடையாது.

உற்பத்தியாகும் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டும் வெளியேறாமல் தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 245 கிலோஜூல் வேண்டும். 175 வாட் தங்கினால் 23 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 37இல் தொடங்கியவர் எழுபது நிமிடத்தில் 40 டிகிரியை எட்டிவிடுவார். நிஜத்தில் அதற்கு முன்பே உடல் கால்களைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். பிடிவாதமாகத் தொடர்பவருக்குத்தான் ஆபத்து.

வெப்பத் தாக்கின் முதல் அடையாளம் எப்போதும் மயக்கமாக இருப்பதில்லை. பேச்சு குழறுவது, காரணமில்லாத எரிச்சல், வழி தெரிந்தும் தப்பான பக்கம் திரும்புவது, நடை தள்ளாடுவது எல்லாம் அடையாளங்களே. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உழைக்கும்போது வருகிற வெப்பத் தாக்கில் உடல் நனைந்தே இருக்கலாம். அப்படி ஒருவரைக் கண்டால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்துவது மிகச் சிறந்தது. தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறலாம். முதலில் குளிர்விப்பு, பிறகு ஆஸ்பத்திரி என்பதே விளையாட்டு மருத்துவர்கள் வலியுறுத்தும் வரிசை. காட்டுப்பாதையில் இது இரு மடங்கு முக்கியம். தடுமாறுகிற மூளையோடு ஒருவர் மேலே சொன்ன சரிவின் உச்சிக்கு வந்து சேர்கிறார், அங்கே முடிவெடுக்க அவருக்கு இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

அதற்காகத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. வியர்ப்பதைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அடர்த்தி குறைந்து, அதுவும் குழப்பத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். தாகத்துக்குக் குடிப்பது, உப்புச் சேர்த்துக் குடிப்பது, மெதுவாகப் போவது. இதில் மூன்றாவது மருந்தைத்தான் யாரும் விரும்புவதில்லை.

தண்ணீருக்குள்ளும், தண்ணீருக்குப் பிறகும்

நீச்சலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நுட்பம் என்று பார்த்தால் அங்கே சொல்ல அதிகமில்லை. நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 10 விழுக்காடு வேகமாக நீந்த 33 விழுக்காடு அதிக ஆற்றல் வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுவது நட்டக் கணக்கு. ஆனால் உயிராபத்து என்று பார்த்தால் நீச்சலே முதலிடம். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நெடுமுப்போட்டிகளில் நேர்ந்த 135 மரணங்களையும் இதயத் துடிப்பு நின்ற நிகழ்வுகளையும் ஆராய்ந்தபோது, 90 நீச்சலின்போது நேர்ந்திருந்தன. பெரும்பாலானவர்கள் நடுத்தர வயது ஆண்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு இந்த ஆசை வந்தவர்கள், என்னையும் சேர்த்துத்தான், முதலில் இதயத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் கும்பலின் நடுவில் நிற்காமல் ஓரமாக நின்று நிதானமாகத் தொடங்குவதும் நல்லது.

எங்கள் போட்டியின் நீச்சல், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தில் தேங்கிய குளத்தில். போட்டி நாளன்றும் முந்தைய இரவு மழை. முழங்கை காயம் முழுவதும் ஆறவில்லை. சைக்கிள் ஓட்டத்தில் மூன்று சுற்று. மூன்றிலும் அந்தச் சரிவில் இறங்கி, சைக்கிளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு குதிகாலை மண்ணில் குத்திக் குத்தி நடந்தேன். மூன்றாம் சுற்றில் எனக்குப் பின்னால் வந்த ஓர் இளைஞர், “தள்ளிக்குங்க அங்கிள்” என்று சொல்லிவிட்டு மிக அழகாக இறங்கிப் போனார். பொறாமையாகத்தான் இருந்தது. ஓட்டத்தில் ஏற்றத்தைவிட இறக்கமே தொடையைக் கொன்றது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. இரண்டு நாள் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினேன்.

அது தானாகச் சரியாகிவிட்டது. சரியாகாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு சபாவில் ஈகோ சாலஞ்ச் என்ற பல நாள் சாகசப் போட்டி நடந்தது. அது நெடுமுப்போட்டி அல்ல என்றாலும் காடு, ஆறு, சேறு எல்லாம் ஒன்றுதான். போட்டி முடிந்து வீரர்கள் பல நாடுகளுக்கும் திரும்பிய பிறகு ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். 304 பேரில் 189 பேரைத் தேடிப்பிடித்து விசாரித்ததில் 80 பேருக்கு நோய் அறிகுறி. 29 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நல்ல வேளையாக யாரும் இறக்கவில்லை. நோய் லெப்டோஸ்பைரோசிஸ், நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதுதான். செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு அபாயம் கூடுதலாக இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஏரியில் நடந்த நெடுமுப்போட்டியிலும் இதே கதை. விசாரிக்கப்பட்ட 834 போட்டியாளர்களில் 98 பேர் நோய்ப்பட்டார்கள்.

எலி முதலான விலங்குகளின் சிறுநீரில் வெளிவரும் இந்தக் கிருமி ஈர மண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கனமழை அதைக் கரையிலிருந்து குளத்துக்குள் அடித்து வருகிறது. சிறு கீறல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உடலுக்குள் புகும். முள் கீறாமல், முழங்கால் உரியாமல் காட்டுப்பாதைப் போட்டியை முடிப்பவர் யார்? காயத்தை நீர்புகாத பிளாஸ்திரியால் மூடுவதும், முடிந்தவுடன் சோப்பு போட்டுக் குளிப்பதும் ஓரளவு உதவும். பெரிய மழைக்கு மறுநாள் நீச்சலை ரத்து செய்யும் ஏற்பாட்டாளரைத் திட்டாதீர்கள்.

அறிகுறி தெரியப் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். சில நேரம் ஒரு மாதம்கூட. அதற்குள் போட்டியையே மறந்திருப்போம். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, சிவந்த கண் என்று வரும்போது டிங்கியாக இருக்குமோ என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் இதற்கு ஆன்டிபயாட்டிக் மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். விட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடித்துக்கொள்ளும்.

எனக்குப் பதினோராம் நாள் காய்ச்சல் அடித்தது. கிளினிக்கில் டாக்டர் தொண்டையைப் பார்த்தார், டிங்கிச் சோதனைக்கு எழுதினார். எழுந்து கதவு வரை வந்தவன் திரும்பிப்போய், “டாக்டர், போன வாரத்துக்கு முந்தின வாரம் மழைத் தண்ணி கலந்த குளத்துல நீந்தினேன், கையில காயம் இருந்துச்சு” என்றேன். அவர் பேனாவை மறுபடி எடுத்து அந்தத் தாளில் இன்னொரு சோதனையின் பெயரைச் சேர்த்தார்.